தைப்பவர் மேலே வந்தால்

எல்ம்போட் நகரசபையின் தமிழ்க் குரல் என்று தம்மைத் தாமே நியமித்துக்கொண்ட திருவாளர் சச்சிதானந்தன், ஒலிவாங்கி கைக்கு வந்தும் பேசாமல் இருந்தது வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான். அந்த வரலாற்றுச் சம்பவத்துக்குப் போகுமுன் ஊரைச் சொல்லிவிட வேண்டும்.

ஸ்காபரோ முடிகிற இடத்தில், ரொறன்ரோவோடு சேர மனமில்லாமலும் தனித்து நிற்க வக்கில்லாமலும் கிடக்கிற சின்ன நகரம் எல்ம்போட். அதற்கு ஒரு மேயர், ஆறு கவுன்சிலர்கள், ஒரு டவுன்ரவுன். டவுன்ரவுன் என்பது ஒரு தெரு. தெருவில் ஒரு வங்கி, ஒரு டோனட் கடை, செத்தவரைக் கிடத்தும் ஒரு மலர்ச்சாலை. மூன்றிலும் சனம் கூடுவது மலர்ச்சாலையில்தான். இந்தத் தெருவுக்கு உயிர் கொடுக்கச் சபை ஏழு வருடமாகப் பாடுபடுகிறது. பூச்சாடி வட்டமா சதுரமா என்று தீர்மானிக்க மட்டும் ஐந்து பொதுக்கூட்டங்கள் நடந்தன. அதே தெருவின் அடியில் அறுபது வருடத்துக்கு முன் புதைத்த கழிவுநீர்க் குழாய் நொறுங்கிக் கிடப்பதைப் பற்றி நான்கு நிமிடம் பேசினார்கள். அதில் குறை காண முடியாது. பூச்சாடி என்றால் ரிப்பன் வெட்டலாம், பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம். மண்ணுக்குள் கிடக்கிற குழாயோடு எந்தக் கவுன்சிலர் நின்று சிரிப்பது?

பூச்சாடிக் கூட்டம் ஐந்திலும் சச்சிதானந்தன் முன்வரிசையில் இருந்தார். ஐந்திலும் பேசினார். எண்பத்தொன்பதில் கனடா வந்த மனிதர், கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு வருடம் ஒரே மெசினுக்கு முன் நின்றவர். அங்கே இரைச்சலில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அவ்வளவு காலத்துப் பேச்சும் உள்ளேயே தேங்கிவிட்டது. ஓய்வுபெற்ற மறுவாரம் அது வெளியே வரத் தொடங்கியது. பழைய மாணவர் சங்கம் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தது. பிறகு அவரைப் பாராட்டி, பொன்னாடை போர்த்தி, நகரசபையின் தலையில் கட்டிவிட்டது.

வீட்டுப் பாதுகாப்புச் சட்டம் விவாதத்துக்கு வந்த நாளில் அவர் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது, பெரும்பாலும் அவராலேயே. "நிலக்கீழ் அறையில் வசிப்பவர் நெருப்பு வந்தால் ஏறித் தப்ப யன்னல் வேண்டும். மனிதர் எலி அல்லர்!" என்று முழங்கினார். கவுன்சிலர் றொனால்ட் எழுந்து நின்று கைதட்டினார். எலி வசனம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. சச்சிதானந்தன் அதை வெட்டிச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

அந்தச் சுவருக்கு நேர்கீழே, அவருடைய பேஸ்மென்றில், றஜிதா ஆறு வருடமாக வாடகைக்கு இருந்தார்.

மன்னாரிலிருந்து வந்தவர். ஒற்றை அறையில் ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் தையல் மெசின். ஸ்காபரோவின் வோபர்ன் வரைக்கும் கலியாணப் பெண்களின் பிளவுசும், தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பும் அந்த அறையில்தான் பிறந்தன. யன்னலும் இருந்தது. பேக்கரியில் வாங்கும் ஒரு இறாத்தல் பாண் நுழையும் அளவு. ஆணி அடித்து, அதன் மேல் மூன்று தரம் பெயின்ற் பூசி, வெளியே அதற்கு முன்னால் பாபிகியூ அடுப்பையும் நிறுத்தியிருந்தார் சச்சிதானந்தன். ஏறி வெளியே போகிற அளவுக்கு ஒரு யன்னல் வைத்துத் தரும்படி றஜிதா ஆறு தரம் கேட்டார். ஆறு தரமும் கோடையைக் காட்டி ஒரே பதில்: "அடுத்த சமருக்குப் பாப்பம் பிள்ளை."

இப்படியிருக்கையில் தேர்தல் நெருங்கியது. சபைக்குக் குழாயின் நினைவு வந்தது. குழாயை மாற்றுவதைவிட அதைப் பற்றித் துண்டுப்பிரசுரம் அடிப்பது சுலபம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஆங்கிலத்தில் எழுதியதைக் கணினியிடம் கொடுத்தார்கள். கணினி கண் இமைக்கும் நேரத்தில் தமிழாக்கித் தந்தது. சரிபார்க்க ஒரு தமிழர் வேண்டும். யாரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

சச்சிதானந்தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். பெரும் பிழை ஒன்று உடனே அகப்பட்டது. அடியில் 'தமிழாக்கம் சரிபார்த்தவர்: எஸ். சச்சிதானந்தம்' என்று இருந்தது. மகர ஒற்றுக்கும் னகர ஒற்றுக்கும் உள்ள வேறுபாட்டை, தமிழ் ஒரு சொல்லும் தெரியாத மூன்று அலுவலர்களுக்கு அரைமணி நேரம் விளக்கினார். 'ம்' போய் 'ன்' வந்தது. திருப்தியோடு கையொப்பம் இட்டார்.

மேலே இருந்ததை அவர் வாசிக்கவில்லை. ஆங்கிலத்தில் கழிவுநீர்க் குழாய்க்கும் தையல்காரருக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றுதான் (sewer), உச்சரிப்பில்தான் வேறுபாடு: குழாய் என்றால் சூவர், தைப்பவர் என்றால் சோவர். கணினிக்குக் காது கிடையாது. ஆகவே எல்ம்போட்டின் தமிழ் வீடுகள் அனைத்துக்கும் பின்வரும் அரசாங்க அறிவித்தல் போய்ச் சேர்ந்தது:

'உங்கள் அடித்தளத்தில் தைப்பவர் இருக்கிறாரா? நகரம் உதவும். கனமழையின்போது தைப்பவர் மேலே வந்தால் உடனடியாக அழைக்கவும். நேரில் வந்து பார்வையிடுவோம்.'

றஜிதா அதை எடுத்துக்கொண்டு மேலே ஓடினார். சச்சிதானந்தன் வீட்டில் இல்லை. அவர் மனைவி ஜெயமலர் அடுப்படியில் நின்றார்.

"அக்கா, இஞ்ச பாருங்கோ. அடித்தளத்தில தைக்கிற ஆக்களுக்கு உதவியாம். மழைக்க மேல வந்தால் எண்டு என்னவோ கிடக்கு, அதுதான் விளங்கேல்லை."

ஜெயமலர் அடியில் இருந்த பெயரை வாசித்தார். "எங்கட இவர் பாத்துக் குடுத்தது. அப்ப சரியாத்தான் இருக்கும்." பிறகு, முப்பது வருடத் தாம்பத்தியம் ஞாபகத்துக்கு வந்தவர்போல, "எதுக்கும் ஒருக்கா அடிச்சுக் கேளும்" என்றார்.

றஜிதா போன் அடித்தார். நகரில் இன்னும் பதினொரு தையல்காரரும் அடித்தார்கள். ஒரே வாரத்தில் பன்னிரண்டு தமிழர் அழைத்ததைக் கண்ட கவுன்சிலர் றொனால்டுக்குக் கண் கலங்கிவிட்டது. சரிபார்த்தவருக்கு விருது என்று அன்றே அறிவித்தார்.

அடுத்த கிழமை இன்ஸ்பெக்ரர் வந்தார். பெயர் ஜெனாட்; இங்கே பிறந்து வளர்ந்த தமிழர். குழாய், கட்டடம், பனி வழித்தல் எல்லாவற்றுக்கும் எல்ம்போட்டில் அவர் ஒருவர்தான். விருது விசயமாக்கும் என்று சச்சிதானந்தன் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

"அங்கிள், பேஸ்மென்ற் பாக்கவேணும். போன் கோல் வந்தது."

சிரிப்பு பாதியில் நின்றது. அதற்குள் ஜெனாட் கீழே இறங்கிவிட்டார்; சச்சிதானந்தனும் பின்னால் இறங்கினார்.

"அன்ரி, சூவர் எதுக்குள்ளால மேல வந்தது?"

"அதென்ன தம்பி சூவர்? நான்தான் இஞ்ச தைக்கிறனான். மெசின் மோட்டர் பழுது. உதவி செய்வியள் எண்டு போட்டிருக்கே?"

ஜெனாட் துண்டுப்பிரசுரத்தை வாங்கி எழுத்துக் கூட்டினார். "தை... ப்ப... வர். வட்ஸ் தைப்பவர்?"

"தைக்கிற ஆள், தம்பி."

ஜெனாட் கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தார். "ஓ மை கோட், தே புற் ரெய்லர்! யார் அங்கிள் இதைச் செக் பண்ணினது?"

சச்சிதானந்தன் கூரையைப் பார்த்தார். படிக்கட்டில் நின்ற ஜெயமலர், "உவர்தான்" என்றார்.

சுவரைப் பிடித்த ஜெனாட்டின் கை யன்னல் சட்டத்தில் இருந்தது. அவர் சிரிப்பு அடங்கியது. "வெயிற். இது திறக்குமோ?"

"அடுத்த சமருக்குத் திறக்கும்" என்றார் றஜிதா.

"தம்பி, அதை விடும்" என்று சச்சிதானந்தன் குறுக்கே வந்தார். "தண்ணி மேல வராமல் தடுக்க ஒரு வால்வு போடலாமெல்லோ? அதுக்குக் காசு தருவினமோ?"

"ஃபண்டிங் முடிஞ்சுது அங்கிள். பூச்சாடிக்குப் போயிட்டுது. பட் திஸ் விண்டோ இஸ் சீரியஸ். நெருப்புப் பிடிச்சால் அன்ரி எதால போறது?"

எழுத்தில் உத்தரவு கொடுத்துவிட்டுப் போனார். முப்பது நாளுக்குள் ஆள் ஏறி வெளியேறத்தக்க யன்னல் வைக்க வேண்டும். இல்லையேல் அந்த அறையில் எவரும் குடியிருக்கக் கூடாது.

யன்னல் வைப்பதென்றால் சுவரை வெட்ட வேண்டும், முற்றத்தைக் கிண்ட வேண்டும். றஜிதாவை அங்கிருந்து எழுப்பி அனுப்புவதென்றால் ஒரு வசனம் போதும். மறுநாள் காலை சச்சிதானந்தன் அந்த வசனத்தோடு கீழே வந்தார்.

"பிள்ளை, எனக்கு உம்மை அனுப்ப விருப்பமில்லை. ஆனா சட்டம் எண்டால் சட்டம்தானே. மாத முடிவோட வேற இடம் பாரும்."

றஜிதா வாயில் வைத்திருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினார். இந்த வாடகைக்கு, மெசினும் வைக்கவிடும் ஒரு அறை வேறெங்கும் கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

"அண்ணை, வாற புதன் உங்களுக்கு விருதாமே?"

"ஓம். மொழிச் சேவைக்கு."

"நானும் வாறன். போன் அடிச்ச மற்றத் தையல்காரரையும் கூட்டிக்கொண்டு வாறன். அங்க சனம் கேள்வி கேக்கலாம்தானே? எனக்கு ஒரே கேள்வி. நீங்கள் கையெழுத்து வைச்ச இந்த நோட்டீசில சொன்ன தைப்பவர் ஆர் எண்டு. எனக்கு இங்கிலீசு வராது. நான் தமிழில கேக்கிறன், நீங்களே மைக்கில நிண்டு மொழிபெயர்த்துச் சொல்லுங்கோ."

சச்சிதானந்தன் படியில் உட்கார்ந்தார். "யன்னல் எவ்வளவு அகலம் வேணுமாம்?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை சுவர் வெட்டும் ஆட்கள் வந்தார்கள். பாபிகியூ அடுப்பு கராஜுக்குப் போனது.

புதன்கிழமை விருது விழா. முன்வரிசையில் றஜிதாவும் பதினொரு தையல்காரரும் மடியில் துண்டுப்பிரசுரத்தை விரித்துவைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். யன்னலுக்குக் கண்ணாடி இன்னும் பூட்டி முடியவில்லை. றஜிதா எதையும் முடியுமுன் நம்புகிறவர் அல்லர். கவுன்சிலர் றொனால்ட் "வனக்கம்" என்று தொடங்கி, தமிழ்த் தையல் சமூகம் கழிவுநீரில் காட்டும் ஆர்வம் தம்மை நெகிழவைத்துவிட்டது என்றார். விருதைக் கொடுத்தார். ஒலிவாங்கியையும் நீட்டினார்.

சச்சிதானந்தன் முன்வரிசையைப் பார்த்தார். "நன்றி" என்றார். இருந்துவிட்டார்.

இவ்வளவு அடக்கமான மனிதரைத் தாம் கண்டதில்லை என்று மேயர் சொன்னார். பிரசுரத்தில் ஒரு சொல் பிழை என்று ஜெனாட் எழுதிய அறிக்கை, மொழி உபகுழுவின் செப்டெம்பர் மாதக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

யூலையில், ஒரு நண்பகல், வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. டவுன்ரவுனில் வட்டப் பூச்சாடிகள் மிதந்தன. குழாய், அறுபது வருடமாக வாங்கிக்கொண்டதையெல்லாம் எல்ம்போட் மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. சச்சிதானந்தன் வீட்டில் அது படிக்கட்டின் அடியில் இருந்த துவாரத்தால் பொங்கி, றஜிதா மேலே ஏறும் வழியை அடைத்தது.

புது யன்னல் திறந்தது. முதலில் தையல் மெசினின் தலை வெளியே வந்தது. பிறகு பொலித்தீன் பையில் சுற்றிய கலியாண பிளவுஸ். பிறகு றஜிதா.

"கையைத் தாரும் பிள்ளை, மெதுவா" என்று ஒரு கையில் குடையோடு நின்று மறு கையால் தூக்கிவிட்ட சச்சிதானந்தன், பிறகு அதே கையால் நகரசபைக்குப் போன் அடித்தார். தமிழுக்கு ஐந்து என்றது. அழுத்தினார். அவரே சரிபார்த்த அதே தமிழில் ஒரு பெண் குரல் இனிமையாகப் பேசியது.

"உங்கள் அடித்தளத்தில் இருந்து தைப்பவர் மேலே வந்துவிட்டால் ஒன்றை அழுத்தவும். தைப்பவர் இன்னும் உள்ளே இருந்தால் இரண்டை அழுத்தவும்."

அவர் றஜிதாவைப் பார்த்தார். சேற்றுப் புல்லில் நனைந்தபடி மெசினை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார் றஜிதா.

"என்னண்ணை பாக்கிறியள்? ஒண்டை அமத்துங்கோ."

அமத்தினார்.