அப்பாவின் மறதி

என் அப்பா ட்ரம்பெற் வாசித்தவர். மன்னாரில் மாதா கோயில் பாண்டில் ஊதப் பழகி, உலகப்போர்க் காலத்தில் கொழும்புக்குப் போய், கடற்கரை ஹோட்டல் ஒன்றின் நடனக் குழுவில் சேர்ந்தார். சுவிங் இசை கொடிகட்டிப் பறந்த காலம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆட, பன்னிரண்டு பேர் வெள்ளைக் கோட்டுப் போட்டு வாசிப்பார்களாம். அதில் தமிழர் இவர் ஒருவர்தான். பிறகு அந்த இசை பழசாகிவிட்டது. குழுவிலிருந்த, ஐரோப்பிய வம்சாவளிப் பறங்கியர் ஒவ்வொருவராக மெல்போர்னுக்குக் கப்பலேறினார்கள். அப்பா துறைமுகத்தில் கிளார்க் ஆனார். எனக்கு நினைவு தெரிந்த அப்பா அந்தக் கிளார்க்தான். மேலுதட்டில் மட்டும் வளையமாக ஒரு தழும்பு இருந்தது.

அம்மா இறந்தபின் அவரை மெல்போர்னில் மல்கிரேவுக்கு எங்களோடு கூப்பிட்டுக்கொண்டோம். பழைய குழுவில் ட்ரம்ஸ் அடித்த பறங்கியர் ஒருவர், காரில் பதினைந்து நிமிடத் தூரத்தில் இருப்பது தெரியவந்தது. சனிக்கிழமைகளில் அப்பாவைக் கொண்டுபோய் விடுவேன். அப்பா மெதுவாக ஊத, அவர் மேசையில் விரல் மூட்டால் தாளம் போடுவார்.

"மகன், இவன் எப்பவும் அரை பீற் பிந்தித்தான் தொடங்குவான்," என்பார் என்னிடம். "சாவுக்கும் பிந்தித்தான் வருவான். நான் முந்திப் போறன். பெட்டி கோயிலால வெளிய வரேக்க இவன் ஊத வேணும்."

"உனக்கு ஊதினா நீ எழும்பித் தாளம் பிழை எண்டுவாய்," என்றார் அப்பா. ஆனால் வாக்குக் கொடுத்தார்.

அவர் சொன்னபடியே முந்திப் போனார். அடக்கம் ஆறு நாள் கழித்து. அப்போது என் மகளுக்கு சிட்னியில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். என் மனைவியின் தமையன் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், உங்கட அப்பா செத்தவீட்டில ஊதப்போறாராம். சிட்னி ஆக்கள் கேள்விப்பட்டா, இவை என்ன ஆக்கள், சவத்துக்கு ஊதுற ஆக்களோ எண்டு கேக்க மாட்டினமோ?"

நான் கணிதம் படிப்பித்தவன். சாதி பார்ப்பது பிழை என்று மேடையிலும் பேசியிருக்கிறேன். மறுநாள் காலை, அப்பா குளிக்கும் நேரம் பார்த்து, ட்ரம்பெற்றின் மவுத்பீஸை, உதட்டில் வைத்து ஊதும் அந்தச் சிறிய பித்தளைத் துண்டை, கழற்றி எடுத்துப் பள்ளிக்கூடத்தில் என் மேசை லாச்சிக்குள் பூட்டினேன்.

அப்பா தேடினார். வீட்டிலிருந்த ஒவ்வொரு லாச்சியையும் இழுத்தார், மூடினார். குசினியில் அரிசி வாளிக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தார். புதிதாக ஒன்று வாங்குவோம் என்று என் மனைவி சொன்னாள். தன் உதட்டுக்கு இனிப் புதுசு பழகாது என்றார் அப்பா.

"நான்தான் எங்கேயோ வைச்சுப்போட்டன், தம்பி. என்ர மூளை போட்டுது."

"வயசு போனா அப்பிடித்தான், அப்பா," என்றேன்.

அடக்கத்தன்று கடைசி வாங்கில் இருந்தோம். பெட்டி எங்களைக் கடந்தபோது அப்பாவின் உதடுகள் குவிந்தன. மூன்று விரல்கள் முழங்காலில் அழுந்தி எழும்பின. கோயிலில் எங்களைத் தவிர ஒரு தமிழரும் இருக்கவில்லை.

அதன்பின் அவர் தன்னை நம்பவில்லை. அடுப்பை நிறுத்தியாயிற்றா என்று மூன்று தரம் கேட்பார். வீட்டுத் திறப்பை என்னிடம் தந்துவிட்டார், தொலைத்துவிடுவாராம். தனியே வெளியே போவதை நிறுத்தினார். முதல் வாரத்தில் மவுத்பீஸைத் திருப்பிக் கொடுத்திருந்தால் ஏசிவிட்டு மன்னித்திருப்பார். ஒவ்வொரு வாரமும் அது கடினமாயிற்று. இரண்டு வருடத்தில் இறந்துபோனார். ஓய்வுபெற்ற நாளில் அந்தத் துண்டைக் குப்பையில் போட்டேன். சிட்னிச் சம்பந்தம் வேறு ஏதோ காரணத்தால் நின்றுபோனது. மகள் தன்னோடு வேலைசெய்த ஒருவரைக் கலியாணம் முடித்தாள். மாப்பிள்ளை வீட்டார் எங்களிடம் ஒன்றுமே கேட்கவில்லை.

இப்போதும் மனைவி கரண்டிக்காக லாச்சியை இழுத்தால் நான் எழும்பி வெளியே போய்விடுகிறேன்.

போன மாதம் மகள் என்னை ஞாபகமறதி பார்க்கும் டொக்டரிடம் கூட்டிப்போனாள். கிரெய்கிபர்னிலிருந்து வீடு திரும்பும் வழி எனக்குத் தெரியாமல் போயிருந்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று டொக்டர் கேட்டார். அப்பப்பாவுக்கு இருந்தது என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்கும் வருமா என்று கேட்டாள். டொக்டர் கணினியில் பதிந்தார்.

நான் தமிழில் சொன்னேன்: "அப்பப்பா ஒண்டையும் மறக்கேல்லை. அவற்ர மவுத்பீஸை நான்தான் எடுத்து ஒளிச்சனான்."

டொக்டர் மொழிபெயர்ப்புக்காக அவளைப் பார்த்தார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்?"

"உன்ர கலியாணப் பேச்சு நடந்த நேரம். அவர் செத்தவீட்டில ஊதக் கூடாதெண்டு."

அவள் டொக்டரிடம், அப்பப்பாவைப் பற்றிப் பதிந்ததை அழித்துவிடச் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.