வெள்ளமா, தண்ணியா?

சோப்பு ஏஜெண்டாக ஊர் ஊராக அலைகிறேன். இந்த மாதம் முழுக்கப் பஸ்ஸும் லாட்ஜ் மூட்டைப்பூச்சியும்தான்.

திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் "தண்ணி" கேட்டேன்.
"பாண்டியா?" என்று, தமிழ்நாட்டானைக் கண்டதுபோல் சிரித்தார்கள்.

திருநெல்வேலியில், குடிதண்ணீருக்கு எங்கள் நாகர்கோவில் வழக்கப்படி "வெள்ளம்" கேட்டேன்.
"வெள்ளமா? அது ஆத்துலல்லா வரும், மலையாளத்தாரே!" கடையே சிரித்தது.

சிரிக்கிறவனிடம்தான் சோப்பு விற்க வேண்டும். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அலுத்துப்போகும்போதெல்லாம் நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் அண்ணாச்சியின் காப்பிக்கடையை நினைத்துக்கொள்வேன். உள்ளே கால் வைத்ததும் "மக்கா, வந்தியா?" என்பார். அந்தச் சொல்லுக்காகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ் ஏறிவிடுவேன்.

இன்று மாலை அங்கே போய் உட்கார்ந்தேன். அண்ணாச்சி கல்லாவில் குனிந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பரிமாறுகிறவர் புதியவர்.

வெள்ளமா, தண்ணியா என்று நாக்கு தடுமாறியது. கடைசியில், "குடிக்கக் கொஞ்சம் நீர் கொடுங்கள்" என்று வந்து விழுந்தது.

"சாருக்கு மெட்ராஸா?" என்றார் அவர்.

அண்ணாச்சி தலை நிமிராமலே சொன்னார்: "வெளியூரு ஆளுல்லாடே. தம்ளரை நல்லாக் கழுவிக் குடு."

நான் இன்னார் என்று சொல்லியிருக்கலாம். குடித்துவிட்டு எழுந்தேன்.

வெளியே, மலையாள ராஜ்யத்தில் இருக்கும் நம் தமிழ்த் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி மேடையில் ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். சேர்க்கட்டும். எல்லையை எங்கே போட்டாலும் எனக்குச் சம்மதம்.

என்ன சொல்லிக் கேட்டால், எந்த ஊர் என்று கேட்காமல் ஒரு தம்ளர் தருவார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக் காலை எனக்கு மறுபடியும் பஸ்.