விழுந்தால் சாகாத வீரன்

நான் வேலூரில் கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த சமயம், ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்த அக்கா பஸ்ஸிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு படுத்திருந்தவளுக்குப் பொழுதுபோகட்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு செய்தேன். சின்ன வயதில் நாங்கள் டிவியில் கேசட் போட்டு ஆடிய, குதித்துக் குதித்து ஓடும் வீரனின் விளையாட்டுதான் அதற்கு மாதிரி. கோட்டைகளுக்குப் பதிலாகப் பாலாற்றுப் பாலத்தையும் தோல் ஊறும் தொட்டிகளையும் வைத்தேன்.

முதல் தொட்டியிலேயே வீரன் விழுந்தான், ஆட்டம் முடிந்தது. மறுபடியும் அப்படியே ஆனது. அக்கா கீபோர்டைத் தள்ளிவிட்டாள்.

"இன்னாடா இது? விழுந்தா செத்துடணுமா? நான் பஸ்ல இருந்து விழுந்தப்போ என்னை என் தோஸ்த் தூக்கிவிடல?"

"அந்த கேம்ல அப்படித்தான்க்கா."

"இது நீ பண்ண கேம்தானே? மாத்து."

மாற்றினேன். இப்போது வீரன் விழுந்ததும் சுடிதார் போட்ட ஒரு பெண் ஓடிவந்து கைகொடுத்துத் தூக்குவாள். அவன் கொஞ்ச தூரம் நொண்டி நடந்துவிட்டு மறுபடி ஓடுவான். விபத்துக்குப் பிறகு அக்கா வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அவளைத் தூக்கிவிட்ட தோழி, பக்கத்து மெஷினில் தைப்பவள், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தாள். அக்கா அவளையும் ஆடச் சொன்னாள்.

"ஐயோ, நானா இது?" என்று கூவியவள், அதன்பின் வீரனை ஓடவே விடவில்லை. தான் வருவதைப் பார்ப்பதற்காகவே அவனைத் திரும்பத் திரும்பத் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள்.