கிழிந்தது துணிதான்

ராஸ் அல் கைமா மலைகளுக்கு நடுவே, செங்குத்தான பாறை இடுக்கில் தேங்கிய குளத்தில், இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறேன். எழ மனமில்லை.

"பாபா, யல்லா! ஏன் வர மாட்டேங்கிறீங்க?" என்று ஹிந்தியில் கூப்பிடுகிறார் வழிகாட்டி சயீத். இந்த மலையிலேயே பிறந்த அரபி.

"தண்ணி ஜில்லுனு இருக்கு, பாய்!"

விஷயம் அதுவல்ல. நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் சத்வா கடைத்தெருவில் மூன்று தையல் கடை வைத்திருக்கிறேன். நான் போட்ட தையல் பிரிந்ததென்று ஒருத்தரும் சொன்னதில்லை. மலையேறும் கால்சட்டையைக் கடையில் வாங்குவானேன் என்று நானே ஒன்று தைத்துப் போட்டு வந்தேன். வழியெல்லாம் அதைக் காட்டி, கூட வந்த சம்பந்தியிடம் பெருமையடித்தேன். சற்றுமுன் வழுக்குப்பாறையில் உட்கார்ந்து குளத்துக்குள் சறுக்கியபோது, பின்பக்கம் 'டர்' என்றது.

மேலே நிற்கும் சம்பந்திக்கும் அது கேட்டுவிட்டது.

"என்ன சம்பந்தி, உங்க தையல் விட்டுடுச்சா?" என்று சிரிக்கிறார்.

இத்தனை வருஷம் சம்பாதித்த பேர் இந்தக் குளத்தோடு போய்விடும் போலிருக்கிறது. தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்கிறேன். நடுத்தையலில் ஒரு இழைகூட அசையவில்லை. நாலு விரல் தள்ளித் துணிதான் கிழிந்திருக்கிறது.

சட்டென்று எழுந்து, இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டி நிற்கிறேன்.

"நல்லாப் பாருங்க! கிழிஞ்சது துணி. தையல் அப்படியே இருக்கு!"

சயீத் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் தலைத்துண்டை நீட்டுகிறார். "பார்த்தாச்சு பாபா, கலாஸ்! இதைக் கட்டிக்கோங்க."

"இருங்க பாய். சம்பந்தி இன்னும் ஒத்துக்கலையே!"

குனிந்து காட்டியபடியே நிற்கிறேன்.