மூன்றாவது கசெட்

மச்சான் மௌத்தாகிவிட்டார் என்று குவைத்திலிருந்து தந்தி வந்த அன்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் இன்றைக்கும் கையில் உள்ளதையெல்லாம் கொடுத்துவிடுவேன்.

மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். கல்முனையில் எங்கள் வளவுக்குள் இரண்டு வீடுகள். வழக்கப்படி முன்வீட்டை ராத்தாவுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் நானும் பின்வீட்டில் இருந்தோம். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பெண்கள் பாடசாலையில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தந்தியை வாசித்ததும் நான்தான். உம்மா நிலத்தில் விழுந்து அழுதார். ராத்தா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நீ படிச்சவள்தானே, சொல்லுகா. இது அவரா?"

அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "அவர்ர பேரில அந்தக் காம்பில மூண்டு பேர் இரிக்காங்கண்டு அவரே எழுதினார்தானே ராத்தா. ஆள் மாறியும் இரிக்கலாம்" என்றேன்.

அந்த நிமிடத்தைக் கடப்பதற்காகச் சொன்னதுதான். என் வாய் எப்போதும் மூளைக்கு ஒரு அடி முன்னால் போகும். ஆனால் ராத்தா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடிக்க இடமும் இருந்தது. எங்கள் ஊரில் கல்லை எறிந்தால் அந்தப் பெயர்க்காரன் ஒருவன் தலையில்தான் விழும். ஒருமுறை அதே பெயருள்ள வேறொருவருக்கு அவருடைய மனைவி எழுதிய கடிதம் மச்சானின் கைக்குப் போய்விட்டது என்று, அவரே எங்களுக்கு எழுதிச் சிரித்திருந்தார். பிறகு கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. அதில் பாஸ்போர்ட் இலக்கம் சரியாக இருந்தது. "எழுதினவன் பேரப் பாத்துத்தானே நம்பர எடுத்திருப்பான்" என்றாள் ராத்தா.

மையித்து ஊருக்கு வரவில்லை. அங்கேயே அடக்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மையித்தைச் சுற்றிய கபன் சீலையைத் தலைமாட்டில் முடிச்சிடுவதற்கு முன், "முகம் பாக்கிறவங்க பாருங்க" என்று ஒருவர் உரத்துச் சொல்வார். வீடே எழுந்து போய்ப் பார்க்கும். அந்தக் குரல்தான் ஒரு சாவை முடித்துவைக்கிறது என்று எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது. ராத்தாவுக்கு அந்தக் குரல் கேட்கவில்லை.

உம்மா அவளுக்கு வெள்ளைச் சீலை உடுத்தி, முன்வீட்டு அறையின் ஜன்னல்களுக்குத் தடித்த சீலை கட்டி, இத்தாவில் இருத்தினார். நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் முகத்தில் விழிக்காமல் உள்ளே இருக்கவேண்டும். "நீங்க சொல்றீங்க, இரிக்கிறன்" என்றாள் ராத்தா. பல்வலிக்காரி டாக்டரின் கதிரையில் இருப்பதுபோல இருந்தாள். மௌத்தானவருக்காக நாற்பதாம் நாள் கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று மச்சானின் உம்மா, அதாவது ராத்தாவின் மாமி, அரிசியும் கோழியும் கொண்டுவந்தபோதுதான் பூதம் வெளியே வந்தது.

"உசிரோட இரிக்கிறவருக்கு என்ன கத்தம்? இந்த வீட்டில ஓதக் கூடா" என்றாள் ராத்தா.

மாமி கோழிகளைக் கால்கட்டோடு தூக்கிக்கொண்டு தன் மகளின் வீட்டுக்குப் போய் அங்கே கத்தம் கொடுத்தார். பெற்ற மகனுக்கு அவன் வீட்டில் ஒரு யாசீன் ஓத முடியவில்லை. ஆனாலும் மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு வழமைபோல வந்து மருமகளின் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டார். நானாக இருந்தால் அந்தப் படலையை மிதித்திருக்கமாட்டேன்.

உம்மாவுக்கு ஊர்ப் பயம். இத்தாவில் இருப்பவள் வெள்ளையைக் கழற்றிவிட்டுக் கொழும்புக்கு, அவரை அனுப்பிய ஏஜென்சியிடம் கேட்கப் போய்விடுவாளோ என்று. என் பயம் வேறு. இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி, வரமாட்டாத ஒருவருக்காகத் தலை நரைக்கும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாள். அந்த வாசலைத் திறந்துவைத்தவள் நான்.

இரண்டு மாதம் கழித்து மச்சானின் பெட்டி வந்தது. மருதமுனைக்காரர் ஒருவர், வேறு காம்பில் வேலை செய்தவர், கம்பனி கொடுத்தது என்று கொண்டுவந்து இறக்கினார். அவரும் மையித்தைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் போர்வை, சேர்ட்டுத் துணி, வாசனைச் சவர்க்காரம், ஒரு வீடியோ டெக், நான்கு கசெட். ஒவ்வொன்றிலும் மச்சானின் கையெழுத்து: கதை 1, கதை 2, கதை 3, கதை 4.

"பாத்தீங்களா, சாமான முன்னுக்கு அனுப்பியிரிக்கார்" என்றாள் ராத்தா. உம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பின்வீட்டுக்குப் போய்விட்டார்.

அது என்ன கதை என்று எங்களுக்குத் தெரியும். கடைசிக் கடிதத்தில் மச்சான் எழுதியிருந்தார்: "இங்கே பழைய நாடகம் ஒன்றைத் திரும்பப் போடுகிறார்கள். கபுறுக்குழி வெட்டுகிற ஒருவரின் கதை. சிரித்துச் சிரித்து வயிறு நோகும், பிறகு ஏன் சிரித்தோம் என்று இருக்கும். வெள்ளிக்கு வெள்ளி பதிகிறேன். முழுவதும் பதிந்துகொண்டு வருகிறேன், ஒன்றாக இருந்து பார்ப்போம்."

முழுவதும் என்று எழுதினால் முழுவதும்தான். சாப்பிட்ட பீங்கானில் ஒரு சோறு மிஞ்சாது. கல்முனைத் தியேட்டரில் எவ்வளவு மோசமான படமென்றாலும், கடைசி எழுத்து போய்த் திரை வெள்ளையாகும் வரை எழும்பமாட்டார். கலியாணம் முடித்த புதிதில், என்னையும் கூட்டிக்கொண்டு போன ஒரு படத்தில், மூட்டைப்பூச்சி கடித்து எங்கள் கால்கள் வீங்கிவிட்டன. "போவம் மச்சான்" என்று நான் கெஞ்சினேன். "தொடங்கினத முடிக்கணும் புள்ள" என்றார். ராத்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

இத்தா வீட்டில் தொலைக்காட்சி போடலாமா என்று ஒரு வழக்கு எழுந்தது. மச்சான் போன லீவில் கொண்டுவந்த பெட்டி அது, தந்தி வந்த நாளிலிருந்து துணி மூடிக் கிடந்தது. ராத்தா பிடிவாதம் பிடித்தாள். "திரையில வாறவன் அந்நிய ஆம்புளதானே" என்றார் உம்மா. மாமிதான் தீர்ப்புச் சொன்னார்: "அவன் நம்மளப் பாக்கல்லதானே. கதைக்கிறதும் அரபு. விடுங்க மதினி, பிள்ளட மனம் ஆறட்டும்." ஜன்னல்களுக்குக் கட்டிய சீலை பகலையே இருட்டாக்கியிருந்தது. வாப்பா மாவடிப்பள்ளி வயலுக்குப் போயிருந்த பின்னேரங்களில், நான் பாடசாலை விட்டு வந்ததும், நாங்கள் நால்வரும் பாயில் வரிசையாக இருந்து அந்த நாடகத்தைப் பார்த்தோம்.

கறுப்பு வெள்ளை. நான் ஓ.எல். வரைக்கும் படித்த அரபு, முதல் ஐந்து நிமிடத்திலேயே கையை விரித்துவிட்டது. ஆனால் விசித்திரம் என்னவென்றால் கதை விளங்கியது, எனக்கு மட்டுமல்ல, கையெழுத்து வைக்கத் தெரியாத மாமிக்கும்கூட. மௌத்து, மையித்து, கபுறு, கபன், ஜனாஸா, சபுறு, றூஹு. எங்களுக்குத் தெரிந்த அரபு முழுவதும் சாவு வீட்டு அரபுதான். அந்த நாடகத்திலோ வீட்டுக்கு வீடு சாவு.

மெலிந்த ஒரு கிழவர். ஊருக்கெல்லாம் கபுறு வெட்டுகிறவர், தனக்கென்று ஈச்சமரத்தடியில் நல்ல மண்ணாகப் பார்த்து ஒன்றை முற்கூட்டியே வெட்டி வைக்கிறார். அன்றைக்கென்று ஊர்த் தையற்காரன் மௌத்தாகிறான். குடும்பம் வந்து அழுகிறது. கிழவர் தன் கபுறைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். தடித்த மனைவி அகப்பையோடு நிற்கிறாள். கணவன் காணியை விற்றுவிட்டு வந்ததுபோல ஏசுகிறாள். அடுத்த வாரம் வேறொன்று வெட்டுகிறார், அதையும் கொடுக்கிறார். அவள் கையை மேலே தூக்கிச் சபிக்கும்போது, துஆ கேட்கிறாளாக்கும் என்று மாமி "ஆமீன், ஆமீன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏச்சென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரபைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரியும், "விடிஞ்சா பொழுதுபட்டா மார்க்கப் பயான் கேக்குது பிள்ள" என்று ராத்தாவை மெச்சினாளாம்.

ஒரு நாள் கிழவர், அளவு சரியா என்று பார்க்கத் தன் கபுறுக்குள் படுத்து, குளிர்ச்சியில் தூங்கிவிடுகிறார். அந்த நேரம் பார்த்து ஒரு ஜனாஸா வருகிறது. சத்தம் கேட்டுக் கிழவர் எழுந்து நிற்க, சுமந்து வந்தவர்கள் சந்தூக்குப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறார்கள். கிழவர் தலையைச் சொறிந்துகொண்டு மையித்திடம் மன்னிப்புக் கேட்கிறார்.

ராத்தா சிரித்தாள். எழுபது நாளாகச் சிரிக்காதவள், வெள்ளைச் சீலையால் வாயைப் பொத்திக்கொண்டு உடம்பு குலுங்கச் சிரித்தாள். மாமியும் சிரித்தார். பிறகு தன் வாயில் தானே அடித்துக்கொண்டு, "மகன் மௌத்தான உம்மா சிரிக்கிறதா, யா அல்லாஹ்" என்றார். அன்றைக்கு மட்டும் ராத்தா, அவர் மௌத்தாகவில்லை என்று மறுத்துச் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அங்கத்த மண் சரியிற மண்ணாகா? நம்மட கடக்கரை மையவாடிபோல?"

தெரியாது என்றேன்.

இரண்டாவது கசெட்டில் கிழவரின் மனைவி இருமத் தொடங்கினாள். அவள் ஏச்சில் வேகம் குறைந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் பார்த்த கட்டத்தை என்னால் மறக்க முடியவில்லை. அவள் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். கிழவர் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு பூனைபோல வந்து, அவள் தலையிலிருந்து கால்வரை அளக்கிறார். அவள் தூங்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, அளவு பிழைக்கட்டும் என்று காலை மெல்ல மேலே இழுத்துக்கொள்கிறாள். கிழவர் திரும்ப அளக்கிறார், அவள் இன்னும் இழுக்கிறாள். நாங்கள் நால்வரும் சிரித்தோம். சிரிப்பு முடியுமுன்னே கிழவர் அந்தக் கயிற்றைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் காலடியில் இருந்துவிட்டார்.

அவர் ஈச்சமரத்தடிக்குப் போனார். மண்வெட்டியை எடுத்தார். ஒரு வெட்டு, இரண்டு வெட்டு. படம் உதறிக்கொண்டு நின்றது. திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள், மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல்.

ராத்தா கசெட்டை ஓட்டிப் பார்த்தாள். கடைசிவரை புள்ளிதான். வெளியே எடுத்தாள், கதை 3 என்று எழுதியிருந்ததைப் போட்டாள். புள்ளி. கதை 4. அதிலும் புள்ளி. வெறுங்கசெட்டுகளுக்கு மச்சான் முதலே பெயர் எழுதி வைத்திருக்கிறார். அவள் மூன்றாவதைத் திரும்பவும் போட்டு அந்த வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவர் படம் முடியாம எழும்பமாட்டாரே" என்றாள், யாருக்கென்றில்லாமல்.

என் நாக்கு நுனியில் எல்லாம் வந்து நின்றன. கரண்ட் போயிருக்கும். டெக் பழுதாகியிருக்கும். வேலை மாற்றியிருப்பார்கள். ஒவ்வொன்றும் நல்ல சாட்டு, ஒவ்வொன்றையும் ராத்தா நம்பியிருப்பாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். தந்தி வந்த அன்று பிடித்ததுபோலவே என் கையைப் பிடித்தாள்.

"நீ சொல்லுகா. அது அவர்தானா?"

"ஓம் ராத்தா" என்றேன். "அவர்தான். மச்சான் மௌத்தாகிட்டார். அண்டைக்கு நான் சொன்னது பொய்."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தவழ்ந்து போய் மாமியின் மடியில் முகத்தைப் புதைத்தாள். அந்த அழுகையை நான் எழுதப் போவதில்லை. மாமி அவள் முதுகைத் தடவித் தடவி, "முகம் பாக்காமப் போயிட்டமே மகள், முகம் பாக்காமப் போயிட்டமே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சி இரைந்துகொண்டேயிருந்தது. அதை நிறுத்த எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அஸர் பாங்கு கேட்டபோது ராத்தா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "ஓதுற லெப்பைக்குச் சொல்லி அனுப்புங்க மாமி. வெள்ளிக்கிழம இங்கதான் கத்தம்" என்றாள். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

இத்தாவில் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று உம்மா ஆறுதல் சொன்னார். ராத்தா கேட்கவில்லை. இவ்வளவு நாளும் சும்மா இருந்தேன், அவருக்காக இருக்கவில்லை என்றாள். மௌத்தான நாளிலிருந்துதான் கணக்கு, திரும்ப இருக்கத் தேவையில்லை என்று லெப்பையும் சொல்லி அனுப்பினார். அவள் அதே அறையில், அதே சீலைகளை ஜன்னலில் திரும்ப இறுக்கிக் கட்டிக்கொண்டு, அன்றைய தினத்திலிருந்து நான்கு மாதமும் பத்து நாளும் இருந்தாள்.

அந்தக் கிழவர் வெட்டிய கபுறுக்குள் கடைசியில் போனது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிற்காலத்தில் அரபு நாட்டில் இருந்து வந்தவர்கள் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஒரு புருஷனுக்கு இரண்டு இத்தா இருந்த பெண் எங்கள் ஊரில் என் ராத்தா ஒருத்திதான். முதலாவதைச் சும்மாவாக்கி, இரண்டாவதை அவளுக்குக் கொடுத்தது என் வாய்.