மண்ணுக்குள் போட்ட வேலை

அவரை எல்லோரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் கரண்ட் பட்டால் உள்ளே குட்டி விளக்கு எரிகிற டெஸ்டர் ஒன்று எப்போதும் இருக்கும். வயரிங் வேலையிலேயே தலை நரைத்தவர், எர்த் போடுவதில் கெட்டிக்காரர். குழி தோண்டி, செம்புக் கம்பி இறக்கி, கரியும் உப்பும் கொட்டிவிட்டால், எந்தச் சாமானில் கரண்ட் கசிந்தாலும் ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் ஓடிவிடும். ஆனால் அந்த வேலையைப் பார்த்து யார் வாயைப் பிளப்பார்கள்? மூடிய குழியைப் பார்க்க விருந்தாளியா வருவான்?

சகலையின் வேலை அப்படியல்ல. மனைவியின் தங்கையைக் கட்டிய அந்த மனுஷனும் எலக்ட்ரீஷியன்தான், தொழிலுக்கு வந்தது நேற்று மாதிரி இருக்கிறது. ஆனால் அவன் போட்ட விளக்குகள் கூரையில் நின்று பல்லைக் காட்டும். டெஸ்டர் மனசுக்குள் அவனுக்கு மினுக்கு என்று பெயர் வைத்திருந்தார்.

மாமனார் மாடி எழுப்பியபோது, வேலை தனக்குத்தான் என்று டெஸ்டர் நிம்மதியாக இருந்தார். கீழ்வீட்டு வயரிங்கும் பின்பக்கத்து எர்த்தும் அவர் போட்டதுதானே. மாமனார் கூப்பிட்டதோ மினுக்கை. மனைவி வந்து சொன்னதும், "நல்லது, சின்னப் பையன், கத்துக்கட்டும்" என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மாடி முடிந்ததும் சொந்தக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பட்டப்பகலில் திரைச்சீலையை எல்லாம் இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டுப் போட்டுக் காட்டினார்கள்.

"சின்ன மாப்பிள்ளை கை பட்டா சுவரே பேசுது!" என்றார் மாமனார்.

பெரிய மாப்பிள்ளை கை பட்ட சுவர்கள் இத்தனை வருஷம் வாயே திறக்காமல் உழைத்தது யாருக்கும் நினைவில்லை.

கை கழுவுகிறேன் என்று சொல்லி டெஸ்டர் மாடிக் குளியலறைக்குள் போனார். குறை கண்டுபிடிக்கத்தான், வேறெதற்கு? ஹீட்டர், குழாய், இரும்புச் சட்டம் என்று அங்கிருந்த உலோகம் அத்தனையையும் பச்சை வயரால் ஒன்றாக இணைத்து எர்த்தில் கட்டியிருந்தான். சரியாகத்தான் செய்திருந்தான் பாவி. டெஸ்டருக்கு வயிறு இன்னும் எரிந்தது. எரிச்சலோடு குழாயைத் திறந்தார். விரலில் சுருக்கென்றது.

பையிலிருந்த டெஸ்டரை எடுத்துக் குழாயில் வைத்துப் பார்த்தார். எரிந்தது! அன்று அந்த வீட்டில் எரிந்த விளக்குகளிலேயே அதுதான் அவர் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தது.

எல்லோரும் சாப்பிடும்போது, மாமனார் அடுத்த புகழ்ச்சியை ஆரம்பிக்கிற நேரம் பார்த்துப் போட்டு உடைப்பது என்று முடிவு செய்தார். கசிவது ஹீட்டர்தான், அதை அணைத்தால் ஆதாரம் போய்விடும், அதனால் ஓடவிட்டார். தொழில் பழக்கத்தில் வீட்டுக்குள்ளும் கழற்றாத ரப்பர் செருப்பு காலில் இருந்ததால் தனக்குச் சுருக்கோடு போயிற்று, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் கதை வேறு என்பது அவருக்குத் தெரியாததா? சாப்பாட்டு நேரத்தில் யார் குளிக்கப் போகிறார்கள் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். வாயெல்லாம் பல்.

பாதிச் சாப்பாட்டில் மினுக்கின் குழந்தை பழரசத்தைக் கொட்டியது. கொட்டியது டெஸ்டரின் மனைவி மடியில்.

"சுடுதண்ணியில அலசிட்டு வந்துடுறேன்" என்று அவள் எழுந்து போனாள். வெறுங்கால்.

"ஏய், நில்லு!" என்று கத்தினார். சிரிப்புச் சத்தத்தில் அது எடுபடவில்லை. குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. எச்சில் கையோடு தட்டுகளைத் தாண்டிப் பாய்ந்து மெயினை இழுத்து அணைத்தார். கூடம் இருண்டது. "யாரு கரண்டை நிறுத்தினது?" என்று குளியலறைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"பெரிய மாப்பிள்ளைக்குப் பொறுக்கலை" என்று மாமியார் யாரிடமோ முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

"குழாயில கரண்ட் வருது!" என்றார் டெஸ்டர்.

மினுக்கின் முகத்தில் ஈயாடவில்லை. திரையை விலக்கிவிட்டு ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துக்கொண்டு போனான். கண்கொத்திப் பாம்பாகப் பின்னாலேயே போனார் டெஸ்டர். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே வீட்டின் பின்பக்கம் போய் எர்த் குழியின் மூடியைத் தூக்கினார்கள். கம்பி தனியாக நின்றது, வயர் தனியாகக் கிடந்தது. இரண்டையும் பிடித்திருந்த கிளாம்ப் துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. ஹீட்டரில் கசிந்த கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல், இணைத்து வைத்த குழாய்களுக்கெல்லாம் பரவியிருக்கிறது.

அது இரும்புக் கிளாம்ப். செம்போடு இரும்பைக் கட்டினால் ஈரமண் அதைத் தின்றுவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற டெஸ்டரே, அன்றைக்குப் பித்தளை கையில் இல்லையென்று இப்போதைக்கு இருக்கட்டும் என மாட்டியது. அப்புறம் மாற்றவேயில்லை.

மினுக்கு மெதுவாகச் சொன்னான்: "நீங்க போட்ட எர்த்துண்ணே. அதைப் போய் நான் மீட்டர் வெச்சுப் பார்த்தா நல்லாவா இருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டுக் கட்டிட்டேன்."

இத்தனை வருஷமாக யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கிய பாராட்டு, போயும் போயும் இவன் வாயிலிருந்து, இந்தக் குழிக்குப் பக்கத்தில் வந்தது.

அதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். "யார் தப்பு?" என்று கேட்டார் மாமனார்.

"என் தப்புதான் மாமா. பார்க்காம இணைச்சிட்டேன்" என்றான் மினுக்கு.

"எவ்வளவு நல்ல மனசு பாருங்க, சட்டுன்னு ஒத்துக்கிறாரு" என்று மாமியார் உருகினாள்.

இந்தப் பெயரையும் இவனே கொண்டுபோவதா? டெஸ்டருக்குத் தாங்கவில்லை.

"அவன் தப்பு ஒண்ணுமில்லை! அந்தக் கிளாம்ப் நான் போட்டது. நான்தான் போட்டேன்!" என்று சொத்துக்கு உரிமை கேட்பவர்போலக் கத்தினார்.

மனைவி முன்னால் வந்தாள்.

"குழாயில கரண்ட் வர்றது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கை கழுவப் போனப்போ."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் காலில் இன்னும் செருப்பில்லை.