சேவல் இட்ட முட்டை

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது, நான் ஒரு சேவலை முட்டையிட வைத்தேன். கதையில்தான். அந்தக் கதையை இன்று யார் கேட்டாலும் எனக்குச் சொல்ல வாய் வராது.

வீட்டில் ஒரு சேவலும் ஒரு பெட்டைக்கோழியும் இருந்தன. சேவல் கிழடு, வெறும் எலும்பும் தோலும். வீடு வீடாகக் கோழி பிடிக்க வரும் ஜப்பான் சிப்பாய்கூட அதைத் திரும்பிப் பார்க்க மாட்டான். பெட்டையை விட்டுவைப்பானா? அதைச் சமையற்கட்டில் கூடை போட்டு மறைத்து வைத்தேன். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். மரவள்ளிக்கிழங்கையே தின்று முகம் வெளுத்துப்போயிருந்தாள். கிடைத்த முட்டையெல்லாம் அவளுக்குத்தான்.

முட்டையிட்ட பெட்டை சும்மா இருக்குமா? வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி கொக்கரித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

"மாமா, கோழி வச்சிருக்கீங்களா?"

"நம்ம சேவல்தான்லா. முட்டை போட்டுட்டு வெக்கத்துல அழுவுது."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து பெட்டை கொக்கரிக்கும்போதெல்லாம் கதையும் வளர்ந்தது. சேவல் பெரியவர் முட்டையைத் தலைப்பாகைக்குள் ஒளித்தார். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, "எத்தனை மாசமா முழுகாம இருக்கீங்க?" என்று கேட்டார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, திருட்டு முழி முழித்து நடந்து காட்டுவேன். எனக்கே என் சாமர்த்தியத்தில் பெருமை.

பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு ஆறு வயது. அவளும் சிரிப்பாள், ஆனால் நம்பிக்கொண்டே சிரிப்பாள். அவள் அப்பாவைச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். அவளுக்குக் கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

"முட்டை ஏதாச்சும் குடுத்துப் பாருங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்கண்ணே. நான் எங்க போவேன்?" என்றாள் அவள் அம்மா.

"இப்ப எங்கம்மா கிடைக்குது" என்றேன். கூடை பத்தடி தூரத்தில் இருந்தது.

ஒரு நாள் காலை கூடையைச் சரியாகக் கவிழ்க்காமல் விட்டுவிட்டேன். பெட்டை பின்பக்கம் போய்ப் புல்லில் முட்டையிட்டுவிட்டு வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். சிறுமி இரண்டு கையாலும் முட்டையைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மாமா, உங்க சேவல் போட்டுருச்சு."

வெளியே யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். "யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல. அம்மாகிட்டகூட சொல்லல. அதுக்கு வெக்கமா இருக்கும்ல? திட்டாதீங்க மாமா, பாவம்."

அவள் முட்டையைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று பல வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். கொடுத்திருக்க மாட்டேன். அந்தச் சின்னக் கையிலிருந்து முட்டையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். அவித்து மனைவியிடம் கொடுத்தேன். யார் கொண்டுவந்தது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் வாயில் வைத்திருக்க மாட்டாள். எனக்கென்று பாதியை மிச்சம் வைத்தாள். அதையும் தின்றேன்.

என் மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அதற்கு அடுத்த மாதம் பக்கத்து வீட்டுச் சிறுமி போய்விட்டாள். ஒரு முட்டையில் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதை நான் சமாதானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குழி வெட்டிய நான்கு பேரில் நானும் ஒருவன். திரும்பி வந்தபோது அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ளைய கடைசிவரைக்கும் சிரிக்க வச்சீங்கண்ணே. நீங்க நல்லாருக்கணும்."

நான் தலையை ஆட்டினேன்.